மணப்பாட்டு மணல் மேடு

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை போய் வாருங்கள். வாழைத் தோட்டங்களும் நெல் வயல்களும் ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்ரீவைகுண்டம் என்று ஒரு ஸ்டேஷன் வரும். அடுத்து ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் பிறந்த ஊர். அதற்கு அடுத்த ஸ்டேஷன் என்ன தெரியுமா? நாசரேத்!

பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த என் மகன், "அம்மா, இயேசு இங்கேயா இருந்தார்?" என்று வண்டி முழுவதும் கேட்கும்படி கத்தினான். எதிர் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இது மிஷனரிமார் வைச்ச பேரு மக்கா. நிஜ நாசரேத்துக்குப் போக ரயில் பத்தாது" என்றார் பெரியம்மா. அதற்குள் குரும்பூர், ஆறுமுகநேரி எல்லாம் தாண்டிக் காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்கள் இருக்கும் திக்கை அவனுக்குக் காட்டினார். கடைசி ஸ்டேஷன் திருச்செந்தூர், முருகன் சந்நிதி. ஆழ்வாரையும் இயேசுவையும் அல்லாவையும் முருகனையும் ஒரே டிக்கெட்டில் கும்பிட வைக்கும் ரயில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

இவ்வளவு உற்சாகமாக எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு நான் அந்த வண்டியில் உற்சாகமாக உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு விவாகரத்து ஆகி ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆகியிருந்தன. எதிரே இருந்த அம்மாள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "வீட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டாள். பாவம், அவள் என்ன விகற்பமாகவா கேட்டாள்? நம் ஊரில் ரயில் சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பிக்கும். "லீவு கிடைக்கலை" என்று நான் சொன்னேன். அந்தப் பொய் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. பெரியம்மா என்னைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மணப்பாட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தவர் பெரியம்மாதான். அவருக்கு எழுபத்து நான்கு வயது. கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷங்களுக்கு மேல் விஞ்ஞானம் கற்பித்தவர். "ஆடிக் காத்து அடிக்கும்போது மணப்பாட்டைப் பார்க்கணும். செப்டம்பர் 14-ந் தேதி சிலுவைத் திருநாளுக்குப் போனா ஜனத்தைத்தான் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியாது" என்றார். கல்யாணம் முறிந்தவளை அழைத்துப் போகிற ஊருக்கு மணப்பாடு என்றா பெயர் இருக்க வேண்டும்? கேட்டேவிட்டேன். "மணமும் இல்லை, குணமும் இல்லை. அது மணலிலிருந்து வந்த பேருடி. போய்ப் பார், தெரியும்" என்றார்.

திருச்செந்தூரில் இறங்கி, கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினோம். ஏறக்குறைய 18 கிலோமீட்டர். இருபுறமும் பனை. செம்மண் தேரி கொஞ்சம், உடைமரம் கொஞ்சம், மறுபடியும் பனை. வழியில் குலசேகரன்பட்டினம். தசராவுக்கு வேஷம் கட்டி ஆடும் பக்தர்களுக்குப் பேர் பெற்ற முத்தாரம்மன் அங்கே இருக்கிறாள். இப்போது அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்திருக்கிறது. 2024-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். "ஆச்சி, ராக்கெட் போறதை நாம பார்க்கலாமா?" என்று பையன் ஆரம்பித்தவன், மணப்பாடு வரும் வரை ஓயவில்லை.

ஊருக்குள் இறங்கியதும் முதலில் வரவேற்றது காற்று. அடாடா, அது என்ன காற்று! சேலைத் தலைப்பு, குடை, பையனின் தொப்பி எல்லாம் தத்தம் இஷ்டப்படி கிளம்பின. மணல் கன்னத்தில் ஊசி போலக் குத்தியது. கருமேனியாறு கடலோடு கலக்கும் இடத்தில், ஒரு பெரிய மணல் மேடு கடலுக்குள் கையை நீட்டினாற்போல நீண்டு கிடக்கிறது. அதன் உச்சியில் வெள்ளை வெளேரென்று திருச்சிலுவைக் கோயில். பக்கத்தில் கலங்கரை விளக்கம். கீழே, நீல நிறமும் பச்சை நிறமும் பூசிய படகுகள் வரிசையாகக் கரையில் ஏறி உட்கார்ந்திருந்தன. தெருக்களிலோ உயர உயரமான பழைய வீடுகள். கொழும்பு வியாபாரம் கொழித்த நாளில் கட்டியவை. சில பூட்டிக் கிடந்தன. வாசலில் பெண்கள் பனை ஓலையைக் கிழித்துப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார்கள்.

பெரியம்மாவிடம் படித்த ஓர் அம்மாள் அந்தத் தெருக்களில் ஒன்றில் இருந்தாள். அவள் வீட்டில்தான் எங்களுக்கு ஜாகை. டீச்சர் வந்திருக்கிறார் என்று அவள் செய்த தடபுடலைப் பற்றியும், அவள் வைத்த சீலா மீன் குழம்பைப் பற்றியும் எழுதினால் ஆசிரியர் எனக்குக் கொடுத்திருக்கும் பக்கம் போதாது.

சாயங்காலம் மேட்டில் ஏறினோம். கோயிலின் கதை ரொம்பப் பழையது. ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் புயலில் சிக்கியதாம். பாய்மரம் முறிந்துவிட்டது. கரை சேர்ந்தால் இந்த மரத்திலேயே சிலுவை செய்து நாட்டுவேன் என்று மாலுமி நேர்ந்துகொண்டான். கரை சேர்ந்த இடம் இது என்கிறார்கள். முறிந்த மரம் சிலுவையாயிற்று. 1581-ல் கோயில் எழும்பியது. முறிந்ததை எடுத்து நட்டு வைத்துக் கும்பிடுகிற ஊர் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அப்போது அதை நான் ஒரு கசப்போடுதான் நினைத்தேன். கப்பல்காரனுக்குப் பாய்மரம் ஒன்றுதானே முறிந்தது!

கோயிலுக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி ஒரு குகை. புனித சவேரியார் தங்கி ஜெபம் செய்த இடம். அவருக்கு முன்னால் சைவத் துறவி ஒருவர் அங்கே தவம் இருந்ததாகவும் சொல்கிறார்கள். உள்ளே குனிந்து போனால் சிறு பீடமும், ஒரு கிணறும். அலை வந்து மோதுகிற தூரத்தில் கிணறு. ஆனால் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. பையன் இரண்டு தடவை வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, "இது புதுமையா ஆச்சி?" என்றான்.

பெரியம்மாவுக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டார். "மழைத் தண்ணி மணலுக்குள்ள இறங்குது. நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம். லேசானது கனமானது மேலே மிதக்கும். அதனால மேட்டுக்கு அடியில நல்ல தண்ணி தங்கி நிக்குது" என்றார். பையன் முகம் விழுந்துவிட்டது. "புதுமை இல்லையா?" "அப்படி மணலை அமைச்சது யாருன்னு கேட்டியா? அதை நான் பாடத்துல நடத்தலை" என்று சொல்லி, அந்தத் தண்ணீரையே அள்ளி அவன் முகத்தில் தெளித்தார்.

இங்கே என் கைப்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. கேஸ் நடந்த நாலு வருஷமும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தேதி போட்டு, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், அவர் என்ன சொன்னார், அவருடைய அம்மா என்ன சொன்னார், எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். தீர்ப்பு வந்த பிறகும் எழுதுவது நிற்கவில்லை. பழசெல்லாம் ஞாபகத்துக்கு வர வர எழுதிச் சேர்த்தேன். எதற்கு என்கிறீர்களா? பையன் பெரியவனானதும் அவன் கையில் கொடுப்பதற்கு. அவன் தெரிந்துகொள்ள வேண்டாமா? எங்கே போனாலும் அது என்னோடு வரும். ஜெபமாலையை மறந்து வைத்துவிட்டுப் போன நாட்கள் உண்டு, நோட்டை மறந்ததில்லை.

இரண்டு வருஷமாக நான் நன்மை வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூசைக்குப் போவேன்; கடைசி வரிசையில் உட்காருவேன்; எல்லோரும் எழுந்து போகும்போது நான் முழங்காலிலேயே இருப்பேன். "கோர்ட்டுக்குப் போய்க் கல்யாணத்தை முறிச்சவங்க நன்மை வாங்கக் கூடாது" என்று உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி சொல்லியிருந்தாள். யாரிடமும் கேட்டுத் தெளிவு செய்துகொள்ள எனக்கு வெட்கம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

குகையிலிருந்து ஏறி வந்தபோது கோயில் வாசலில், காற்று படாத பக்கமாக, வயதான குருவானவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றவராம், பத்து நாள் தங்க வந்திருந்தார். பெரியம்மா ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும் என்று, "சாமி, இது என் தங்கச்சி மக. விவாகரத்து ஆயிட்டு. நன்மை வாங்க மாட்டேங்கா" என்று போட்டு உடைத்துவிட்டார். எனக்குப் பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. மணல் மேடாயிற்றே, அதுவும் நடக்கலாம்!

அவர் அதிர்ச்சி அடையவில்லை. "மறுபடி கல்யாணம் செய்திருக்கீங்களா அம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்னே யார் உங்களைத் தடுத்தது?" என்றார்.

பிறகு நிதானமாக விளக்கினார். கோர்ட்டு கொடுக்கும் விவாகரத்து அரசாங்கத்தின் சட்டம். திருச்சபை அதைக் கொண்டு கல்யாணம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதில்லை. மறுமணம் செய்ய வேண்டுமானால் மேற்றிராசனத்து நீதிமன்றத்தில், அந்தக் கல்யாணம் ஆரம்பத்திலேயே செல்லாதது என்று தீர்ப்பு வாங்க வேண்டும். அந்த நடைமுறையைக்கூட 2015-ல் போப் பிரான்சிஸ் எளிதாக்கினார். ஆனால் பிரிந்து தனியே வாழ்கிறவர்களுக்குத் தேவதிரவிய அனுமானங்களைப் பெறத் தடை ஏதும் இல்லை என்று 1981-லேயே போப் இரண்டாம் ஜான் பால் தம் நிருபத்தில் எழுதியிருக்கிறார். "நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் ஊருக்குள்ள தெரியலைன்னா தப்பு எங்க மேலதான்" என்றார் அந்தப் பெரியவர்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது என்னைப் போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால், தயவு செய்து முதலில் போய்க் கேளுங்கள். அதற்காகத்தான் இந்த வெட்கக்கேட்டையெல்லாம் அச்சில் ஏற்றுகிறேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் பேச்சு சட்டத்தின் பக்கம் போயிற்று. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-ல் வெள்ளைக்காரர்கள் செய்தது. புருஷன், மனைவி மேல் விபசாரம் ஒன்றை நிரூபித்தால் போதும்; மனைவியோ விபசாரத்தோடு கொடுமையையோ, இரண்டு வருஷம் கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். ஜில்லா கோர்ட்டில் ஜெயித்தாலும் ஹைகோர்ட்டு ஊர்ஜிதம் செய்ய வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரிவது என்ற பேச்சே கிடையாது. 2001-ல்தான் இதையெல்லாம் திருத்தினார்கள். "எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர். அடி தாங்காம வந்தவ. அவன் வேற பொம்பளை வச்சிருக்கான்னு சாட்சி கொண்டான்னு வக்கீல் கேட்டாரு. அவ சாட்சிக்கு எங்கே போவா? ரிடையர் ஆகிற வரைக்கும் அவன் பேரைத்தான் போட்டுக் கையெழுத்துப் போட்டா" என்றார் பெரியம்மா. எனக்கு அந்தப் பழைய டீச்சரை நினைக்க என் கதை சற்றுச் சிறியதாகத் தெரிந்தது. சமாதானம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் தெரிந்தது.

வீட்டுக்கார அம்மாள் வெற்றிலைத் தட்டை நகர்த்திக்கொண்டே, "அப்போ தம்பியோட அப்பா?" என்று இழுத்தாள். "நாங்க பிரிஞ்சாச்சு அக்கா" என்றேன். நானே சொன்னேன். அவள் "ஓகோ" என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு காய்ந்துவிட்டதே என்று விசாரப்பட்டாள். இவ்வளவுதானா! இதற்காகவா இரண்டு வருஷம் லீவு கிடைக்காத புருஷனை வளர்த்தேன்?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காற்று கதவுகளை உலுக்கிக்கொண்டே இருந்தது. பெரியம்மாவும் விழித்துத்தான் இருந்தார். இருட்டில் அவர் ஒரு கதை சொன்னார். சரித்திரத்தில் உள்ள கதை.

சவேரியார் 1542-ல் கோவாவில் இறங்கி, அந்த வருஷமே இந்த முத்துக் குளிக்கும் கரைக்கு வந்தவர். ஸ்பெயின் தேசத்தில், நவார் என்ற பகுதியில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர்; பாரீஸில் படித்தவர். இங்கே தமிழில் ஜெபங்களை எழுதி வாங்கி மனப்பாடம் செய்து, பரதவக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1544-ல் வடுகப் படைகள் கன்னியாகுமரிப் பக்கத்துக் கரையோர ஊர்களைச் சூறையாடின. ஜனங்கள் உயிர் தப்பிக் கடலில் உள்ள பாறைகளில் ஏறிக்கொண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். சவேரியார் இந்த மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு உதவிக்குக் கிளம்பினார். இதே மாதிரி எதிர்க்காற்று. துடுப்புப் போட்டார்கள், கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். தோணி நகரவில்லை. திரும்பி இங்கேயே வந்து சேர்ந்தார். நண்பருக்குக் கடிதம் எழுதினார். அப்புறம் கரை வழியே, மணலில், நடந்தே போனார்.

"காத்தோட சண்டை போடலை பார்த்தியா?" என்றார் பெரியம்மா. "ஜனங்களை விட்டுட்டாரா? அதுவும் இல்லை. தோணியை விட்டார். நடந்தார். நீ நாலு வருஷமா தோணியிலேயே உட்கார்ந்து துடுப்புப் போட்டுட்டு இருக்கே. கேஸ் முடிஞ்சும் இறங்க மாட்டேங்கே."

"நான் என்ன செய்யணும் பெரியம்மா?"

"ஒப்புக்கொடுத்திரு."

எங்கள் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் வார்த்தை அது. காய்ச்சல் வந்தால், பரீட்சை வந்தால், மாடு காணாமல் போனால், "சேசுவுக்கு ஒப்புக்கொடு" என்பார்கள். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். மற்றவர்கள் சரணாகதி என்பது இதைத்தான். ஆனால் கேஸை ஒப்புக்கொடுத்தால் நான் தோற்றதாக ஆகிவிடாதா என்று எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்று ஆட்சேபித்துக்கொண்டே இருந்தான். அவன் எப்போது உட்கார்ந்தான் என்று எனக்குத் தெரியாது. விடிகிற சமயத்தில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

காலைப் பூசைக்கு முன்னால் அந்தப் பெரியவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அங்கே நான் சொன்னது எனக்கும் அவருக்கும் மேலே இருப்பவருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவருடைய குற்றங்களைச் சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. என்னுடையதைச் சொல்ல வெகு நேரம் பிடித்தது. நோட்டில் நூற்றுச் சொச்சம் பக்கம் எழுதியிருந்தேனே, அதில் என்னைப் பற்றி ஒரு வரி கிடையாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பூசையில் பதினைந்து இருபது பேர்தான் இருந்தார்கள். கடலுக்குப் போகாத கிழவர்கள், முக்காடு போட்ட பெண்கள். நான் எழுந்து போனேன். கால் நடுங்கியது. அப்பம் நாவில் பட்டபோது வானம் திறக்கவில்லை, ஒளி வீசவில்லை. உப்புக் காற்று நாவில் இருந்ததால் அப்பமும் கொஞ்சம் உப்பாக இருந்தது. திரும்பி வந்து முழங்காலில் நின்றேன். வெகு நாளைக்கு அப்புறம், நான் யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீண்ட பிரயாணத்துக்குப் பிறகு தலையில் இருந்த சுமட்டை யாரோ கை கொடுத்து இறக்கினால் கழுத்து சற்று நேரம் ஆடுமே, அப்படி இருந்தது.

காப்பி குடிக்கும்போது பையன் படகு வரையக் காகிதம் கேட்டான். கைப்பையில் நோட்டைத் தவிர வேறு காகிதம் இல்லை. எழுதாத பக்கங்கள் பாதிக்கு மேல் இருந்தன. அவற்றை மட்டும் கிழித்துக் கொடுத்தேன். எழுதின பாதியைக் கடலில் எறிந்தேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். எறியவில்லை. அது இப்போதும் என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. எழுத அதில் இனி இடம் இல்லை. மகனிடம் கொடுக்கும் எண்ணமும் இல்லை.

ஆனால் இன்னொரு காரியம் பாக்கி இருந்தது. காலாண்டுப் பரீட்சை லீவுக்குப் பையனை ஒரு வாரம் அனுப்ப முடியுமா என்று அவனுடைய அப்பா செய்தி அனுப்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் பதில் போடவில்லை. பதில் போடாமல் இருப்பதும் ஓர் ஆயுதம்தான் என்பது, அதைப் பிடித்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "அப்பாகிட்ட பேசுறியா?" என்று கேட்டேன். பையன் என் முகத்தைப் பார்த்தான். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தான். இதில் ஏதாவது சூது இருக்குமோ என்று யோசித்தான் போலும். பிறகு தலையை ஆட்டினான்.

தெருவில் டெலிபோன் சரியாக எடுக்கவில்லை. மறுபடியும் மேட்டில் ஏறினோம். நானே கூப்பிட்டேன். "பரீட்சை லீவுக்கு அவனை அனுப்புறேன். சனிக்கிழமை காலைல வந்து கூட்டிட்டுப் போங்க" என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. காற்றில் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். "சரி. ரொம்ப..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் முடிவதற்குள் டெலிபோனைப் பையன் கையில் கொடுத்துவிட்டேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இன்னும் வந்துவிடவில்லை.

"அப்பா! இங்க ஒரு கிணறு இருக்குப்பா, கடலுக்குப் பக்கத்துல, ஆனா உப்பே இல்லை! ஏன் தெரியுமா?" என்று அவன் ஆரம்பித்தான். லேசான தண்ணீர் கனமான தண்ணீர் மேல் மிதப்பதைக் கையை ஆட்டி ஆட்டி, கடலைப் பார்த்து விளக்கினான். நான் அவன் பேசுவது காதில் விழாத தூரத்துக்கு நடந்து போய், சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே இரண்டு படகுகள் காற்றை எதிர்த்து வரப் பார்த்துவிட்டு, பிறகு சற்று வளைத்து, ஆற்று முகத்துப் பக்கமாகக் கரை ஏறின.